அப்பாவின் எல்பி ரெக்கார்டுகளில் பூஞ்சை, என்ன செய்யலாம்?

மாட்டுங்கா மாமி:
பரணிலிருந்து அப்பாவின் ரெக்கார்டுகளை இறக்கினேன். காலா கோடா ரிதம் ஹவுஸ் கடையில் வாங்கியவை. 1986இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’டும் இருக்கிறது. அட்டை மூலையில் அப்பா பேனாவால் விலையை எழுதியிருக்கிறார், வீட்டுக்குக் கணக்குக் காட்டவோ என்னவோ! மும்பை மழை உபயத்தில் எல்லாவற்றிலும் பூஞ்சை. செல்போனில் கேட்கலாமே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

செம்பூர் ரசிகன்:
காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள் மாமி, கீறிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் ஓரிரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் கோடுகளின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடு லேபிள் நனையக்கூடாது. அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை. காய்ந்ததும் நிமிர்த்தி அடுக்குங்கள், படுக்கவைத்தால் வளையும்.

டோம்பிவிலிக்காரன்:
நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய 78 ஆர்பிஎம் தட்டு இருந்தால் ஸ்பிரிட் படவே கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும். பூஞ்சை பிடித்த உறைகளைத் தூக்கிப் போடுங்கள்.

மாட்டுங்கா மாமி:
உள்ளே இருக்கும் காகித உறை என்றால் சரி. அட்டையைத் தொட்டால் டோம்பிவிலிக்கே வந்து உதைப்பேன். ரெக்கார்டு பிளேயர் ஊசியை எங்கே மாற்றுவது, அதைச் சொல்லுங்கள்.