பழைய .303 ரைபிளுக்கு இராணுவக் கையிருப்பு ரவைகள்: மலிவானதை எப்படித் தெரிவு செய்வது?

கொக்குவில் வாசி:
வணக்கம். கனடாவில் அனுமதிப்பத்திரத்துடன் இலக்குச் சுடும் கழகமொன்றில் அங்கத்தவனாக இருக்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்காக இப்போது ஊரில் நிற்கிறேன். என்னிடம் இருப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்து லீ-என்ஃபீல்ட் 4ஆம் இலக்க ரைபிள். புதிதாகத் தயாரிக்கப்படும் .303 ரவைகளின் விலை, வார இறுதிதோறும் சுடுபவருக்குக் கட்டுப்படியாகாது. விற்பனையாளர் ஒருவரிடம் இரண்டு வகைக் கையிருப்பு உள்ளது. ஒன்று 1980களில் கிரேக்கத்தில் செய்யப்பட்டு, எச்.எக்ஸ்.பி என்ற தயாரிப்பாளர் முத்திரையுடன் பெட்டியில் இருப்பது. மற்றையது 1940களின் பிரித்தானிய ரவைகள். பெட்டியின்றிப் பையில் கலந்து கிடப்பவை, விலை ஏறத்தாழ அரைவாசி. பையை எடுக்கலாமா?

மானிப்பாய்-இலண்டன்:
எடுக்க வேண்டாம். கிரேக்க ரவைகளில் பொக்ஸர் வகைப் பிறைமர் (ரவையின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்) இருப்பதால், சுட்டபின் பித்தளைக் கோதை எடுத்துவைத்து, புதிய பிறைமரும் வெடிமருந்தும் சன்னமும் (குழலிலிருந்து பாய்ந்து செல்லும் முனைப்பகுதி) இட்டுப் பல தடவை பயன்படுத்தலாம். பழைய பிரித்தானிய ரவைகளில் உள்ளது பேர்டன் வகை. அதைச் சாதாரணக் கருவியால் கழற்றி மீள்நிரப்புவது கடினம் என்பதால், கோது அநேகமாகக் குப்பைக்கே போகும். மீள்நிரப்பும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், இன்று கூடுதலாகக் கொடுக்கும் பணம் கோதின் வடிவில் உங்களிடமே தங்கிவிடும்.

பையில் கலந்து கிடப்பது எனக்கு அதைவிடப் பெரிய கவலை. பிரித்தானிய இராணுவத்தின் சாதாரண வகையான 7ஆம் மார்க் ரவையில் பிறைமரைச் சுற்றி ஊதா நிற வளையம் இருக்கும். பச்சை வளையமும் அடியில் பொறித்த ஆங்கில 'டபிள்யூ' எழுத்தும் கவசம் துளைப்பதற்கும், சிவப்பும் 'ஜி'யும் ஒளிக்கீற்று விட்டுச் செல்வதற்கும், நீலமும் 'பி'யும் தீமூட்டுவதற்கும் உரிய அடையாளங்கள். இவற்றில் எதையும் இலக்குச் சுடும் மைதானத்திற்குக் கொண்டுபோகக் கூடாது. நிறம் காலத்தால் அழிந்திருக்கலாம் என்பதால் எழுத்தையே நம்புங்கள். காந்தமும் கொண்டு செல்லுங்கள்; உருக்கு உள்ள சன்னம் காந்தத்தில் ஒட்டினால், பல மைதானங்கள் அதை அனுமதிப்பதில்லை.

உரும்பிராய் ஆசிரியர்:
நான் துப்பாக்கி பிடித்தவனல்லன், இரசாயனவியல் கற்பித்தவன். அந்தக் காலப் பிறைமர்களில் பொட்டாசியம் குளோரேற்று இருந்தது. அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைட்டு உப்பாகிக் குழலின் உட்புறத்தில் படியும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யும். காங்கேசன்துறைக் கரையோர வீடுகளின் தகரக் கூரைக்குக் கடற்காற்று செய்வதை, அது ஓரிரு நாளில் குழலுக்குச் செய்துவிடும். எண்ணெயில் அந்த உப்புக் கரையாது, நீரில் கரையும். ஆகவே சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, முற்றாக உலரவிட்டு, அதன் பின்பே எண்ணெய் பூச வேண்டும். கிரேக்க ரவைகளில் இந்தக் குளோரேற்றுச் சிக்கல் இல்லை.

கோதின் கழுத்தையும் உருப்பெருக்கியால் பாருங்கள். பிரித்தானிய இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ரவைகளின் பித்தளை தானாகவே வெடித்துக் கிடந்தது. விலங்குகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும் பித்தளையில் எஞ்சியிருந்த இழுவிசையும் சேர்ந்ததே காரணம். எங்கே, எப்படிக் காத்தார்கள் என்று தெரியாத 80 வருடப் பித்தளையில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தாலே, அந்த ரவையை ஒதுக்கிவிடுவது நல்லது.

பழைய மாணவர் படையணி:
நாங்கள் பாடசாலைக் காலத்தில் .303ஆல் பயிற்சி பெற்றவர்கள். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே பூட்டைத் திறக்கக் கூடாது என்பது அன்று எங்களுக்குச் சொல்லித்தந்த முதற்பாடம். பழைய பிறைமர் தாமதித்து வெடிக்கக்கூடும் என்பதால், குழலை இலக்கை நோக்கியே வைத்து ஆகக் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். ஒரு நிமிடம் என்றால் இன்னும் நல்லது. சத்தம் வழமையிலும் மெலிதாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாமல் நிறுத்தி, ரவைகளை அகற்றி, குழலுக்குள் சன்னம் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டு அடுத்த ரவையைச் சுட்டால் குழலே வெடித்துவிடக்கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் மைதானத்திற்குக் கொண்டுபோகும் பையையே பயணப் பையாகக் கொண்டுவந்திருந்தால், கட்டுநாயக்கா செல்லுமுன் மூலை முடுக்கெல்லாம் தேடிப் பாருங்கள். அனுமதிப்பத்திரமின்றி ஒரு ரவை வைத்திருப்பதும் இங்கே குற்றம். உங்கள் கனடிய அனுமதிப்பத்திரம் இந்த நாட்டில் செல்லாது. காணியைக் கொத்தும்போது பழைய ரவை ஏதும் தட்டுப்பட்டால் தொடாமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

கொக்குவில் வாசி:
மூவருக்கும் நன்றி. பையை விட்டுவிட்டேன். கிரேக்கப் பெட்டி ஒன்றை மட்டும் முதலில் வாங்கி, என் ரைபிளில் 100 யார் தூரத்தில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்த்தபின், அதே தொகுதி இலக்கம் கொண்ட பெட்டிகளை எனக்காக ஒதுக்கிவைக்க முடியுமா என்று விற்பனையாளரிடம் இன்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.