கங்கைகொண்டானில் சூரிய மின்செல் செய்தால் சீனாவை முந்திவிட்டோமா?

தக்கலைவாசி:
திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவரின் 4.3 ஜிகாவாட் ஆலை வந்துவிட்டதால், ஆசியாவின் சூரிய மின்சந்தையில் சீனாவின் காலம் முடிந்துவிட்டது என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கே செய்வது வெயிலை மின்சாரமாக்கும் செல்லும், செல்களைக் கோத்த பேனலும்தான். செல்லுக்கு வேண்டிய வேஃபர், அதாவது மெல்லிய சிலிக்கான் தகடு, எங்கிருந்து வருகிறது? பேனல் தயாரிப்பின் எல்லாக் கட்டங்களிலும் சீனாவின் பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2022ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. வேஃபரில் அது இன்னும் அதிகம்.

நாஞ்சிலான்:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். அந்த ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானவர்கள் நம் தென்மாவட்டப் பெண்கள். வீட்டுக்கூரையில் பேனல் வைக்க 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வாங்க, செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். இது உங்கள் கண்ணில் படவில்லையா?

தக்கலைவாசி:
பட்டது. அந்த விதியில் வேஃபர் இல்லை என்பதும் பட்டது. வேஃபர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன், பதிலைக் காணோம்.

நாஞ்சிலான்:
குஜராத்தின் முந்திராவில் சிலிக்கான் கட்டியான இங்காட்டும், அதை அறுத்து எடுக்கும் வேஃபரும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். சூரியப் பேனல் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைக்கு மத்திய அரசு 24,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது.

தக்கலைவாசி:
முந்திராவில் இருப்பது 2 ஜிகாவாட். கங்கைகொண்டான் ஆலை ஒன்றின் பசிக்கே அது பாதிகூட ஆகாது. காற்றாலை பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் கணக்கு வந்ததும் காணாமல் போனீர்கள்.

குளச்சல்காரர்:
அண்ணாச்சிமாரே, வேஃபர் எந்த நாடானாலும், எங்கள் கடற்கரையில் உப்புக்காற்று பட்டுப் பேனலைப் பிடித்திருக்கும் கிளாம்ப் துருவேறி, போல்ட்டைச் சுற்றிச் செதில் செதிலாக உதிர்கிறது. மாட்டிக்கொடுத்த ஏஜென்சியைக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. இதற்கு யார் முதலீடு போடுவார்கள்?

ஆரல்வாய்மொழியான்:
முப்பந்தலில் தென்மேற்குப் பருவத்தில் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும். வெயில் மங்கும் அந்த மாதங்களில் நம் குமரி மாவட்டத்தைத் தாங்குவது காற்றுதான். இரண்டு பருவமழை பெய்யும் ஊரில் பேனலை மட்டும் நம்பிப் பேசுகிறீர்கள். 2020இல் வியட்நாம் கூரைகளில் பேனலைக் குவித்தது. மின்தடம் போதாமல் அடுத்த ஆண்டே உற்பத்தியைக் குறைக்கச் சொன்னார்கள்.

தக்கலைவாசி:
வியட்நாமில் குவிந்த பேனல் எந்த நாட்டினுடையது என்று அவரும் சொல்லவில்லை. எல்லா வழியும் கடைசியில் சீனாவில்தான் போய் நிற்கிறது. மூலப்பொருளான பாலிசிலிக்கானிலிருந்து வேஃபர் வரை நாமே செய்யாத வரை, நம் முதலீட்டில் பெரும்பங்கு கப்பலேறிக்கொண்டுதான் இருக்கும். ஆலைத் திறப்பு விழாப் படங்களைப் போட்டு இதை மறைக்க முடியாது.

நாஞ்சிலான்:
சீனாவும் ஒரே நாளில் வேஃபர் செய்துவிடவில்லை. நம் பிள்ளைகள் செய்த செல்லை நீங்கள் இழிவுபடுத்துவதை ஏற்க முடியாது.

தக்கலைவாசி:
செல்லை நான் இழிவுபடுத்தவில்லை. வேஃபர் எங்கிருந்து வருகிறது?