ஆர்.சி.சி.பி-யைக் கழற்றச் சொல்கிறார் வீட்டுக்காரம்மா, என்ன செய்வது?

கொருக்குப்பேட்டை வயர்மேன்:
அண்ணன்மார்களே, ஒரு உதவி. தண்டையார்பேட்டையில் ஒரு பழைய வீடு. லைட், ஃபேன் ஓடும்வரை ஒன்றுமில்லை. சம்ப் மோட்டாரைப் போட்டால் ஆர்.சி.சி.பி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற பெட்டி) விழுகிறது, அதாவது ட்ரிப் ஆகிறது. மோட்டாரை மெகர் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. "பெட்டிதான் கெட்டுப்போச்சு, டைரக்ட் பண்ணிடு. ஷாக் அடிச்சா எம்.சி.பி விழப்போகுது" என்கிறார் அந்தம்மா. எதிர் வீட்டில் இருபது வருஷமாக அது இல்லாமலே ஓடுகிறதாம். நான் மாட்டேன் என்றால் வேறு ஆள் வந்து பத்து நிமிஷத்தில் கழற்றிவிடுவான்.

ராயபுரம் பெரியவர்:
கழற்றாதே தம்பி. எம்.சி.பி ஓவர்லோடு, ஷார்ட் வந்தால் விழுகிற சுவிட்ச்; வயரைக் காப்பாற்றத்தான், ஆளை அல்ல. ஆனால் அவரிடம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஆர்.சி.சி.பி விழும் என்ற கணக்கெல்லாம் பேசாதே, தலையாட்டிவிட்டு மறுபடி அதையேதான் சொல்வார். பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைப் போட்டுக் காட்டு. "எம்.சி.பி விழுந்துச்சாம்மா? ஆளைக் கொல்ல இந்தக் கரண்டு போதும்" என்று கேள். நான் இப்படித்தான் நாலைந்து வீட்டில் வாயடைத்திருக்கிறேன்.

எண்ணூர்க்காரன்:
அது சரி, ஃபால்ட்டையும் பிடிக்கணுமே. எனக்கு மோட்டார் மேல் சந்தேகமில்லை. எங்கோ நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கிறது. சின்ன லோடில் எர்த் வழியாகப் போகிற பங்கு 30 மில்லியை எட்டாது, மோட்டார் ஓடினால் தாண்டிவிடும். மெயினை நிறுத்து, ஆர்.சி.சி.பி-யையும் ஆஃப் செய், எல்லா பிளக்கையும் பிடுங்கு. வெளியே போகிற நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை பீப் அடிக்கிற கண்டினியூட்டி மோடில் வை. கத்தினால், நியூட்ரல் லிங்க்கில் (எல்லா நியூட்ரலும் சேருகிற பட்டை) ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார். எந்த வயரை எடுத்ததும் சத்தம் நிற்கிறதோ அந்த லைனில்தான் கோளாறு.

கொருக்குப்பேட்டை வயர்மேன்:
மாட்டியது அண்ணே! வாஷிங் மெஷின் சாக்கெட். எர்த் சரியில்லாமல் மெஷினைத் தொட்டால் சுள்ளென்று இருந்ததாம். முன்னால் வந்தவர் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயர் எடுத்து எர்த் பின்னில் கொடுத்திருக்கிறார். அந்த நியூட்ரல் என்றாவது அறுந்திருந்தால் மெஷின் உடம்பெல்லாம் 230 வோல்ட். துண்டை எடுத்து, எர்த் குழி கிளாம்ப்பையும் மாற்றிவிட்டேன். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியும் விழவில்லை.

குண்டு பல்பும் போட்டுக் காட்டினேன். அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. கூலியில் மட்டும் நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்: "ஒரு துண்டு வயரைத்தானே எடுத்தே?"