கோத்தகிரியில் குடியிருக்கப் பழைய ஓட்டு வீடா, புதிய கான்கிரீட் வீடா?

கேள்வி:
பணி ஓய்வுக்குப் பின் கோத்தகிரியிலேயே தங்கிவிட எண்ணி, நானும் மனைவியும் இரண்டு வீடுகளைப் பார்த்திருக்கிறோம். ஒன்று, சுண்ணாம்புக் காரையில் கட்டி மங்களூர் ஓடு வேய்ந்த பழைய வீடு. கைமரங்கள் சில உளுத்திருக்கின்றன, சமையலறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. மற்றது, சரிவை வெட்டி இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய கான்கிரீட் வீடு, இன்றே குடிபோகலாம். பழைய வீட்டின் பழுதுச் செலவையும் சேர்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே விலைதான். மனைவிக்கு மூட்டுவலி இருப்பதால் ஈரத்தை நினைத்தே தயங்குகிறோம். எதை வாங்கலாம்?

குன்னூரிலிருந்து ஒருவர்:
ஐயா, புதிய வீட்டின் அறைகளைப் பார்ப்பதற்கு முன் அதன் பின்புறம் போய்ப் பாருங்கள். வெட்டிய மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவரில் நீர் வெளியேறத் துளைகள் உள்ளனவா, மேலிருந்து வரும் மழைநீர் எந்த வாய்க்காலில் இறங்குகிறது என்பவைதாம் அங்கே முதல் கேள்விகள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததைக் கண்ட எங்களுக்கு, வண்ணம் பூசிய சுவரைப் பார்த்து மட்டும் மனம் அமைதி கொள்வதில்லை. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் வலுவாகப் பெய்யும். ஆகவே ஐப்பசி மழை விடுவதற்குள் இரண்டு வீடுகளையும் நனைந்துகொண்டே ஒருமுறை சுற்றி வாருங்கள்.

கோத்தகிரியில் பழைய வீட்டில் வசிப்பவர்:
நான் பழையதை வாங்கிச் சீர்செய்தேன். ஓதம் பிடித்த சுண்ணாம்புச் சுவரின் மேல் கொத்தனார் சொன்னபடி சிமெண்ட் பூசியதுதான் நான் செய்த பெரிய பிழை. வெளியேற வழியற்ற ஈரம் பூச்சுக்கும் மேலே ஏறிவிட்டது. வெளியே மண் மட்டம் தரைக்கும் மேலாக உயர்ந்து கிடந்ததே காரணம் என்று பின்னரே தெரிந்தது. அம்மண்ணை அகற்றி, வடிகால் வெட்டி, மீண்டும் சுண்ணாம்பே பூசிய பிறகு சுவர் மெல்லக் காய்ந்தது. உங்கள் சமையலறைச் சுவரின் வெளிப்புறத்தையும் அப்படியே பாருங்கள். கைமரங்களைத் திருப்புளியால் குத்திப் பார்த்து, எத்தனை மாற்ற வேண்டியிருக்கும் என்று தச்சரைக் கேளுங்கள். கூரை வேலையைத் தை, மாசியில் முடித்துவிட வேண்டும்; அதுவரை வாடகை வீட்டில் இருக்க நேரும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

மற்றொருவர்:
வரைபட அனுமதி, பட்டா, வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் தராதீர்கள். அனுமதிக்கப்பட்ட வரைபடமும் எழுந்து நிற்கும் கட்டடமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று புதிய வீட்டில் அளந்தே பார்க்க வேண்டும். காலை வெயில் எந்த அறையில் விழுகிறது என்பதையும் கவனியுங்கள். மூட்டுவலிக்காரருக்கு அது பெரிய ஆறுதல்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இன்று மழையிலேயே போனோம். புதிய வீட்டின் தடுப்புச் சுவரில் ஒரு துளைகூட இல்லை. பழைய வீட்டின் சமையலறைக்குப் பின்னால், நீங்கள் சொன்னது போலவே, மண் முழங்கால் உயரம் குவிந்திருக்கிறது. தச்சர் ஞாயிறு வருகிறார். அவர் சொல்வதைக் கேட்டு எழுதுகிறேன்.