'சாவரின் கேரண்டி' – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

தமிழ்வழி மாணவர்களுக்கான பொருளியல் பாடக்குறிப்பில் ஜகார்த்தா–பண்டுங் அதிவேக ரயில் போட்டியை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இந்தோனேசியாவில் அந்தப் பாதையைக் கட்டும் பணிக்காக 2015-இல் ஜப்பானும் சீனாவும் மோதின. ஜப்பான் 0.1 சதவீத வட்டிக்கே கடன் தர முன்வந்தது. ஆனால் கடனுக்கு இந்தோனேசிய அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றது. சீனாவின் வட்டி சுமார் 2 சதவீதம். அரசின் பொறுப்பு தேவையில்லை என்றது. பணி சீனாவுக்குப் போனது. கடனுக்கு அரசு இப்படிப் பொறுப்பேற்பதுதான் 'சாவரின் கேரண்டி'. இதை 'அரசு உத்தரவாதம்' என்று எழுதினால், ரயில் நன்றாக ஓடும் என்று அரசு வாக்குக் கொடுத்ததாக மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள். வேறு சொல் உண்டா?

*

> வேறு சொல் உண்டா?

'பிணை' இருக்க உத்தரவாதம் எதற்கு? பிணைதல், பிணைக்கயிறு, களத்தில் மாடு கட்டி ஓட்டும் பிணையல் எல்லாம் ஒரே வேர். கடன் வாங்கியவனோடு சேர்த்துக் கட்டப்படுகிறவன் பிணையாள். முன்னொட்டாக 'இறை' வைக்கலாம். இறை என்றால் அரசன், வரியும் இறைதான். வரி நீக்கிய நிலத்தைக் கல்வெட்டுகள் இறையிலி என்கின்றன. அரசு பொறுப்பேற்ற கடன் கெட்டால் வரிப்பணம்தானே போகும்? ஆகவே இறைப்பிணை. (சங்கப் பாட்டில் பிணை பெண்மானும்கூட, அதைப் பிறகு பேசுவோம்.)

*

ஐயா, இறை என்றவுடன் பிள்ளைகளுக்குக் கடவுள்தான் நினைவுக்கு வருவார். யாழ்ப்பாணத்தில் 'அரச உத்தரவாதம்' எல்லோருக்கும் விளங்கும். நீங்கள் ஒப்பந்தப்புள்ளி என்பதை நாங்கள் கேள்விப்பத்திரம் என்போம். அதையும் பாடக்குறிப்பில் சேருங்கள். உத்தரவாதம் வடசொல் என்பதற்காக விலக்க வேண்டாம்.

*

சிக்கல் பிணையில் இல்லை, 'அரசு' என்ற சொல்லில் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் 60 சதவீதப் பங்கு இந்தோனேசிய அரசு நிறுவனங்கள் நான்கின் கூட்டமைப்புடையது. அரசு நிறுவனம் கடன்படுகிறது, ஆனால் அரசுப் பிணை இல்லை என்றால் மாணவர் குழம்பத்தான் செய்வார். பொறுப்பு யாருடைய பணப்பெட்டியில் விழுகிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். 'கருவூலப் பிணை' என்று வையுங்கள். அப்புறம் நடந்ததையும் எழுதுங்கள்: செலவு பெருகி, 2021-இல் வரவுசெலவுத் திட்டப் பணத்துக்கு வழி திறந்தார்கள். 2023-இல், வண்டி ஓடத் தொடங்கிய ஆண்டில், கூடுதல் செலவுக் கடனுக்கு அரசே பிணை தர நிதியமைச்சகம் விதி வகுத்தது. முதலில் தவிர்த்தது பின்வாசல் வழியாக வந்தது.

*

அந்த நான்கில் ஒன்றின் பெயர் 'விஜய கார்யா'. வடசொல்லை வைத்துக்கொண்டே அவர்கள் ரயில் கட்டுகிறார்கள்!

*

அது அவர்கள் மொழிக்கு இழப்பில்லை. நமக்கு வேர் கையிலேயே இருக்கிறது, விட வேண்டியதில்லை.

*

'கருவூலப் பிணை' தெளிவு. ஆனால் கருவூலம் என்றால் நம்மூரில் ஓய்வூதியம் வாங்கும் அலுவலகம்.

*

எல்லோருக்கும் நன்றி. நாளை அச்சு. 'பிணை' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு 'அரசுப் பிணை' என்று போடுகிறேன். "கடனாளி கட்டத் தவறினால் கருவூலம் கட்டும்" என்று முதல் இடத்தில் ஒரு வரி விளக்கமும் உண்டு. இலங்கை வழக்கு அடிக்குறிப்பில் வரும்.

*

என் வாக்கு இறைப்பிணைக்கே. அடுத்த பதிப்பில் மறுபடியும் எழுப்புவேன்.