பைத்தான் 2-இல் மாட்டிக்கொண்ட கொலுசுக் கணக்கு

வணக்கம் நண்பர்களே. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு ஒரு பில் போடும் புரோகிராம் உண்டு. யாரோ பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-இல் எழுதியது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்துவிட்டதே என்று 3-க்கு மாற்ற உட்கார்ந்தேன். வரித் தொடக்கத்தில் இடம் விட, பாதி வரிகளில் டேப், பாதியில் ஸ்பேஸ்; இந்தக் கலப்பை 3 ஏற்காது. ஓட்டியதுமே டேப் எரர். சரி, அதைத் திருத்திவிடலாம்.

பயமெல்லாம் வகுத்தலில்தான். பழையதில் 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2, புதியதில் 2.5. எரர் எதுவும் வராது, கூலிக் கணக்கு மட்டும் சத்தமில்லாமல் மாறும். வெள்ளி விற்கிற விலைக்கு மாமா என்னைச் சும்மா விடுவாரா? வகுத்தல் குறி எல்லாவற்றையும் இரட்டைச் சாய்கோடாக்கினால் (//, தசமத்தை விட்டு முழு எண்ணாக வகுப்பது), எடை தசமத்தில் வரும் இடங்கள் கெட்டுவிடும். ஒவ்வொரு வரியாகப் பார்க்காமல் இந்த இடங்களைப் பிரித்தெடுக்க வழி உண்டா? (மொத்தத்தையும் ஜாவாவில் எழுது என்பவர்கள் மன்னிக்கவும்.)