வாடகை வீட்டுக் கூடம்: முதலில் வண்ணமா, சோபாவா?

கேள்வி: புதிதாக வாடகைக்கு எடுத்துள்ள வீட்டின் கூடத்தில் ஒரே ஒரு சிறிய ஜன்னல்தான் உள்ளது. வண்ணம் பூச உரிமையாளர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டுவிட்ட நிலையில், எதை முதலில் முடிவு செய்வது?

பதில் 1: சோபாவைத்தான். பெயிண்டில் எண்ணற்ற சாயல்கள் கிடைப்பதால், துணிக்கேற்பச் சுவரை அமைத்துக்கொள்வது எளிது. வெளிச்சம் குறைந்த அறையில் தூய வெள்ளை சாம்பல் பூத்தாற்போல் தெரியும் என்பதால், மஞ்சள் சற்றே கலந்த வெளிர்நிறத்தையே நான் பரிந்துரைப்பேன். பெரிய அட்டையொன்றில் இரண்டு கோட் பூசி, சோபாத் துணியை அருகில் வைத்துப் பகலிலும் இரவு விளக்கொளியிலும் பாருங்கள்.

பதில் 2: பல்பின் ஒளி நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணையும் பாருங்கள்: 2700 கெல்வின் பல்பு சுவரின் அந்த மஞ்சளைக் கூட்டிக்காட்டும், 6500 கெல்வின் பல்பு நீலம் பாயச் செய்யும்.

பதில் 3: வாசலையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்த பிறகு, கழற்றிப் பூட்டக்கூடிய சோபாவாக வாங்குங்கள். உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது அவசியம்.